ரிசீவரும் வருங்காலமும்

வீட்டுக் கூடத்திலேயே சினிமாக் கொட்டகையின் சப்த சுகத்தை அநுபவிக்க வேண்டும் என்ற ஆசையால் எப்போதோ ஒரு ஏ.வி. ரிசீவரை வாங்கி வைத்தவர்கள், அதை மாற்றிப் புதியது வாங்கலாம் என்று புறப்படும்போது கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "இன்னும் பத்து வருஷத்துக்குத் தாங்குமா?" என்பதுதான். லட்சம் ரூபாயையும் சாதாரணமாக விழுங்கக்கூடிய ஒரு சாதனத்தைப் பற்றி அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பதிலாகக் கடைக்காரர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 8கே என்ற முத்திரையைத் தொட்டுக் காட்டுவதும், நாமும் அதையே வருங்காலத்துக்கான உத்தரவாதமாக நினைத்துத் திருப்தியடைவதும் எனக்குச் சம்மதமில்லை. ரிசீவரில் எந்த அங்கம் மிகச் சீக்கிரத்தில் பழசாகுமோ அதற்கே அதிக விலை கொடுத்துவிட்டு, பல்லாண்டு நிலைத்திருக்கக்கூடிய அங்கங்களைப் பற்றி விசாரிக்காமலே வீடு திரும்புகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

ரிசீவர் என்பது ஒரே பெட்டிக்குள் மூன்று சாதனங்கள் ஒண்டுக்குடித்தனம் செய்வது. ஸ்பீக்கர்களை இயக்குகிற ஆம்ப்ளிஃபயர் ஒன்று; டால்பி, டி.டி.எஸ். முதலிய சங்கேதங்களைப் பிரித்து இந்த ஸ்பீக்கருக்கு இந்த ஒலி என்று பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி மற்றொன்று. படத்தையும் ஒலியையும் உள்ளே வாங்கி டி.வி.க்கு அனுப்பும் எச்.டி.எம்.ஐ. வாயில் மூன்றாவது. ஆம்ப்ளிஃபயரின் சாஸ்திரம் எத்தனையோ காலத்துக்கு முன்பே முதிர்ச்சி பெற்றுவிட்டதால், 1980-களில் செய்த நல்ல ஆம்ப்ளிஃபயர் பராமரிப்பு இருந்தால் இன்றைக்கும் குறையில்லாமல் பாடும். சங்கேதம் பிரிக்கும் பகுதி பத்தாண்டுக்கு ஒரு முறை மாறுதல் அடைகிறது. வாயிலின் ஆயுளோ அதைவிடக் குறைவு என்பதே சரித்திரம்.

அந்தச் சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்க்கலாம். டி.வி.டி. காலத்து ரிசீவர்களின் முதுகில் வரிசை வரிசையாக இருந்த எஸ்-வீடியோ, காம்பொனென்ட் வீடியோ துளைகளை இன்று சீந்துவாரில்லை. 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. விதிமுறை வெளியாயிற்று, 2009-ல் வந்த 1.4-ஆம் பதிப்பு முப்பரிமாணப் படத்துக்கு வழிவிட்டது. அதை நம்பிப் பெட்டியை மாற்றியவர்கள், 2017-ல் பெரிய கம்பெனிகள் முப்பரிமாண டி.வி.க்களைச் செய்வதையே நிறுத்திக்கொண்டதைக் கண்டார்கள். இடையில் ஐபாட் செருகுவதற்கென்று ஒரு விசேஷ ஏற்பாட்டையும் பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். 2012-ல் ஆப்பிள் கம்பெனி தன் செருகியின் வடிவத்தை மாற்றியதும் அந்தப் பெருமையும் கழிந்தது. 2013-ல் வந்த 2.0-ஆம் பதிப்பை நம்பி, 4கே யுகத்துக்கு இதுவே போதும் என்று அடுத்த சில மாதங்களில் பெட்டி வாங்கியவர்களுடைய கதைதான் பரிதாபமானது: 2016-ல் 4கே வட்டுகள் கடைக்கு வந்தபோது, அவற்றைத் திறப்பதற்கான எச்.டி.சி.பி. 2.2 என்ற காப்புப்பூட்டின் சாவி அந்த ரிசீவர்கள் பலவற்றில் இல்லாமற் போயிற்று.

அதற்குப் பிறகாவது நிலைமை சீர்பட்டதா என்றால், இல்லை. 48 ஜிகாபிட் வேகம் என்று 2017 நவம்பரில் வெளியான 2.1-ஆம் பதிப்பைத் தாங்கி, 2020-ல் புதிய ரிசீவர்கள் வந்தன; அவற்றில் பெயர்பெற்ற சிலவற்றின் சில்லில் இருந்த பிழையினால், அந்த ஆண்டே வெளியான புதிய விளையாட்டுச் சாதனத்தை இணைத்து நொடிக்கு 120 பிம்பங்கள் வீதம் 4கே படத்தை அனுப்பினால் திரை கறுத்துப் போயிற்று. செய்தவர்கள் சிலர் வெளியே மாட்டிக்கொள்ள ஒரு சிறு பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். சிலர் உள்ளிருக்கும் பலகையையே மாற்றித் தந்தார்கள். இவ்வளவும் ஆகி மூச்சு விடுவதற்குள், 2025 ஜனவரியில், 96 ஜிகாபிட் வேகமுள்ள 2.2-ஆம் பதிப்பு அறிவிக்கப்பட்டுவிட்டது. 8கே முத்திரையை நம்பி இன்று பெட்டி வாங்குகிறவர் எந்த வருங்காலத்தை வாங்குகிறார் என்பதை அவரே யோசிக்கட்டும். ஜப்பானில் என்.எச்.கே. நிறுவனம் 2018 டிசம்பர் முதல் 8கே ஒளிபரப்பு நடத்தி வருவது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வாங்கிவரத்தக்க 8கே சினிமா வட்டு என்று ஒன்று இன்று வரை இல்லை. சினிமா தரும் ஓ.டி.டி. சேவைகளும் 4கே அளவிலேயே நிற்கின்றன. 55 அங்குல டி.வி.யைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு 4கே-யின் நுட்பம்கூட முழுவதும் எட்டுவதில்லை.

ஆகையால் படத்தின் பாரத்தை ரிசீவரின் தலையிலிருந்து இறக்கிவிடுவதே விவேகம். வட்டு இயக்கியையும் விளையாட்டுச் சாதனத்தையும் நேராக டி.வி.யில் செருகி, ஒலியை மட்டும் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்ற திரும்பு வழியால் ரிசீவருக்குக் கொண்டுவந்தால், எச்.டி.எம்.ஐ. பதிப்புகள் எத்தனை மாறினாலும் அவை டி.வி.யின் கவலையாகுமேயன்றி ரிசீவரின் கவலை ஆகா. இன்னொன்றையும் கடைகளில் சொல்வதில்லை: ஓ.டி.டி. சேவைகள் தருகிற அட்மாஸ் ஒலி, டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில் வருவது. நெட்ஃப்ளிக்ஸில் அது அதிகபட்சம் நொடிக்கு 768 கிலோபிட்தான். அதைச் சுமக்கப் பழைய ஆர்க்கே போதும். வட்டுகளில் உள்ள டால்பி ட்ரூஎச்.டி. போன்ற குறையாத ஒலி வேண்டுவோருக்குத்தான் இ-ஆர்க் இன்றியமையாதது.

இந்த ஏற்பாட்டிலும் இரண்டு இடர்கள் உண்டு. டி.வி.க்களில் சில, டி.டி.எஸ். ஒலியை ரிசீவருக்குக் கடத்த மறுக்கின்றன. வட்டுச் சேகரம் உள்ளவர்கள் டி.வி. வாங்கும்போதே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். பல டி.வி.க்களில் 2.1 துளைகள் இரண்டே இருக்கும். அவற்றில் ஒன்றே இ-ஆர்க் துளையாகவும் அமைந்துவிடும். பிள்ளைகள் இரண்டு விளையாட்டுச் சாதனங்களை வைத்திருக்கும் வீட்டில் இது சச்சரவுக்கு இடமாகலாம். அந்த வீட்டுக்கு மட்டும் ரிசீவரின் 2.1 துளைகளுக்காகப் பணம் கொடுப்பது நியாயம்.

ஒலி வடிவத்தில் எதை நம்புவது என்ற கேள்விக்குக் காலமே ஒருவாறு தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2012 டிசம்பரில் 'சிவாஜி 3டி' அட்மாஸ் ஒலியோடு திரைக்கு வந்தது. அடுத்த ஆண்டு 'விஸ்வரூபம்' ஆரோ 3டி என்ற போட்டி வடிவத்தை ஏற்று வந்தது. 2014-ல் வீடுகளுக்குள் நுழைந்த அட்மாஸ் வேரூன்றிவிட்டது. ஆரோவோ ரசிகர் சிலருடைய பிரேமையாகவே நின்றுவிட்டது. அட்மாஸும் டி.டி.எஸ்.:எக்ஸும் தெரிந்த ரிசீவர் இன்று நடுத்தர விலையிலேயே கிடைப்பதால் இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

பின் எதற்குத்தான் பணம் கொடுப்பது? முதலாவதாக, ப்ரீ-அவுட் துளைகளுக்கு. உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயர் போதாத காலத்தில் தனி ஆம்ப்ளிஃபயரைச் சேர்க்கவும், பின்னொரு நாள் ரிசீவரின் மூளையை மாத்திரம் மாற்றி ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொள்ளவும் அவை இடம் தரும். அடுத்தது, டைராக், ஆடிஸி போன்ற அறைத் திருத்த வசதி. கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட நம் கூடங்களில் எந்த ஸ்பீக்கரும் எதிரொலியோடு போராட வேண்டியிருக்கிறது. மைக் வைத்து அளந்து, முக்கியமாக அடித்தள ஒலியின் மேடுபள்ளங்களைச் சமன் செய்யும் அந்த வசதி, காதுக்கு நிச்சயமாகத் தெரியக்கூடிய பிரயோஜனம். ஆனால் எதிரொலியை அது முழுக்க விரட்டாது. அதற்குத் தடித்த திரைச்சீலையும் ஜமக்காளமும் வேண்டும்.

வாட் கணக்கில் மட்டும் ஏமாறக் கூடாது. ஒரே ஒரு சேனலை 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீதத் திரிபோடு இயக்கி எடுத்த பெரிய எண்ணை அட்டைப் பெட்டியில் போடுவது இந்த வியாபாரத்தில் சர்வசாதாரணம்; 8 ஓமில், இரண்டு சேனல்களும் சேர்ந்து, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை இயங்கும்போது என்ன என்று கேட்டால், அதே பெட்டிக்குள்ளிருந்து ஒரு சிறிய எண் வெளிவரும். அதுவே உண்மையான எண். 80 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு ஏறினால் கிடைப்பது ஒரு டெசிபல். 3 டெசிபல் கூடுதல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை வாங்கினாலோ வாட் இரட்டித்ததற்குச் சமம்.

வாங்கியதை டி.வி. அலமாரியின் அடித்தட்டில் காற்றில்லாமல் அடைத்து வைப்பவர்கள், அதன் ஆயுளைப் பற்றிக் கடைக்காரரைக் கேட்டதில் அர்த்தமில்லை. உள்ளிருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை ஏறுந்தோறும் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை வெயிலில் அலமாரிக்குள் எவ்வளவு ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புது மாடல் வந்ததும் விலை இறங்கும் சென்ற ஆண்டு மாடலை, ப்ரீ-அவுட் உண்டா என்று பார்த்து வாங்கி, மேலே நாலு விரற்கடை இடம்விட்டுத் திறந்த தட்டில் வைத்து, மிச்சப்பட்ட தொகையை முன் ஸ்பீக்கர்களுக்கோ சப்வூஃபருக்கோ செலவிடுவதையே நான் செய்வேன்.