மாயாவிக்கு ரெண்டு மார்க் கட்!

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று எழுதிவிடுவார்கள். கல்யாண மொய்யிலிருந்து மாமியார் வீட்டு மைசூர்பாகு வரை எதுவும் தப்பாது. என் விஷயத்தில் இந்த வியாதி காலேஜுக்கு முன்பே முற்றிவிட்டது. காரணம், காமிக்ஸ்.

கள்ளக்குறிச்சி 2019-ல்தான் தனி மாவட்டம் ஆனது. நான் அரை டிராயரில் திரிந்த காலத்தில் விழுப்புரம் மாவட்டத்தின் மேற்கு மூலை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் சணல் கயிற்றில் கிளிப் மாட்டி ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் தொங்கும். வாங்கி, ஓடி, படித்து முடித்த கையோடு பின் அட்டையின் உள்பக்கம் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுவேன். கதைக்குப் பத்து, படத்துக்குப் பத்து, சண்டைக்குப் பத்து, வில்லனுக்குப் பத்து. ஆக மொத்தம் நாற்பது. பரீட்சையில் எனக்கு யாரும் தராத மார்க்கை எல்லாம் நான் தாராளமாக அள்ளி வழங்கினேன்.

இதில் நான் தனி ஆள் இல்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் வந்தது. 1984 ஜூலையில் மாடஸ்டியைக் கூட்டிக்கொண்டு லயன் வந்தது. அன்றிலிருந்து இன்று வரை தமிழ்நாட்டில் காமிக்ஸ் படிப்பவன் ஒவ்வொருவனும் ஒரு வாத்தியார்தான். அதிலும் நாலைந்து ஹீரோக்களை ஒரே புத்தகத்தில் அடைத்து ஸ்பெஷல் மலர் போட்டால் கேட்கவே வேண்டாம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி, 'சாம்பார் பரவாயில்லை, வத்தக்குழம்பு சொதப்பல், பாயசத்துக்காக மன்னிக்கலாம்' என்று கதை கதையாகப் பிரித்து எழுதிப் போட்டுவிடுவான்.

ஜப்பான்காரர்கள் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். 1968-ல் ஆரம்பித்த 'ஷோனென் ஜம்ப்' என்ற பத்திரிகையில் ஒரே இதழில் ஏகப்பட்ட தொடர்கள். உள்ளே ஒரு கார்டு இருக்கும். பிடித்த கதைகளைக் குறித்து அனுப்ப வேண்டும். தொடர்ந்து கடைசி பெஞ்சில் உட்காரும் கதைக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். நம் ஆபீஸ் அப்ரைசல்தான். என்ன, அங்கே மேனேஜருக்குப் பதில் ஸ்கூல் பையன்!

சரி, நம் கதைக்கு வருவோம். பரண் மேல் மூன்று அட்டைப்பெட்டி. கீழே என் சம்சாரம். "ஏங்க, அது பேப்பர்காரன்கிட்ட போகுதா, இல்ல நீங்க போறீங்களா?" என்று அவள் நாகரிகமாக விசாரித்த வாரம்தான், வெள்ளிமலையில் ஆசிரியராக இருக்கும் நண்பன் போன் செய்தான். "பசங்க லைப்ரரிக்குப் பழைய புக்கு ஏதாச்சும் குடேன்பா."

கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் வயிற்றைக் கலக்கும் கொண்டை ஊசி வளைவுகள். பெட்டிகளோடு கல்வராயன் மலை ஏறினேன். அவசரத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. நாலு ஸ்பெஷல்களைச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்திருந்த தடிமனான தொகுப்பும் உள்ளே போய்விட்டது. என் சொத்து சார் அது! ஒரு மாசம் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, 'சும்மா பார்க்க வந்தேன்' என்ற முகத்தோடு அதை மீட்க மறுபடி மலை ஏறினேன்.

புத்தகம் எட்டாங்கிளாஸ் பையன் ஒருவனிடம் இருந்தது. நியூஸ்பேப்பரில் அட்டை போட்டுப் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். பிரித்துப் பார்த்தேன். பகீரென்றது. நான் ஒட்டிய ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே பென்சிலில் வேறு மார்க்!

மாயாவிக்கு நான் போட்டது 38. அவன் போட்டது 36.

"ஏன் தம்பி, மாயாவிக்கே ரெண்டு மார்க் கட்டா?"

"கரண்ட்ல கை வெச்சாதானே சார் அவரு மறைவாரு? எங்க ஊர்ல பெரிய மழை அடிச்சா கரண்ட் போயிடும். வில்லன் ஐப்பசி மாசத்துல வந்தா என்னா பண்ணுவாரு?"

1962-ல் லண்டன் 'வேலியன்ட்' இதழில் பிறந்த மாயாவியை அறுபது வருஷத்தில் எந்த வில்லனும் இப்படி மடக்கியதில்லை. ரெண்டு மார்க்கை விட்டுக்கொடுத்தேன்.

அடுத்து ஒரு வெஸ்டர்ன் கதை. பெயர் வேண்டாம். குதிரைப்படை, பள்ளத்தாக்கு, செவ்விந்தியர், துப்பாக்கி. நான் 37 போட்டு, பக்கத்தில் 'சண்டை பிரமாதம்!' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அவன் போட்டது 4.

"அந்த நாலு மார்க் குதிரைக்கு சார். நல்லா வரைஞ்சிருக்காங்க."

"கதை?"

தயங்கினான். "மலையில இருக்கறவங்க எல்லாம் கத்திக்கிட்டே ஓடி வந்து சாவறாங்க சார். எண்ணிப் பாத்தேன். நாப்பத்தி ரெண்டு பேரு. ஒருத்தருக்குக்கூட பேரு இல்ல."

கணக்குப் படித்தவன் நான். எண்ணியது அவன்.

அந்தக் கதையைக் குறைந்தது பத்துத் தடவை படித்திருக்கிறேன். பத்துத் தடவையும் குதிரைப்படையோடு கீழே நின்றுதான் படித்திருக்கிறேன். மேலேயிருந்து ஓடி வருபவனுக்கு அம்மா அப்பா பேர் வைத்திருப்பார்கள் என்று ஒருதடவைகூடத் தோன்றவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் பேப்பரில் கல்வராயன் மலை வந்தால் என்ன செய்தி? சாராய ஊறல் அழிப்பு. இத்தனை லிட்டர், இத்தனை பேரல். லிட்டருக்குக் கணக்கு உண்டு. கடுக்காய் பொறுக்குகிறவனுக்கும், மரவள்ளி நடுகிறவனுக்கும், 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் கிடந்த மலையிலிருந்து படிக்க வந்திருக்கும் இந்தப் பையனுக்கும் அதில் பேர் கிடையாது. டீயைக் குடித்துவிட்டு நானும் அடுத்த பக்கம் புரட்டியவன்தானே?

தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். டெக்ஸ் வில்லர். 1948-லிருந்து இத்தாலியில் சுட்டுக்கொண்டே இருக்கும் ரேஞ்சர். அதே பாலைவனம், அதே துப்பாக்கி. நான் போட்டது 24. 'அரைத்த மாவு' என்று குறிப்பு வேறு. பையன் போட்டது நாற்பதுக்கு நாற்பது!

"தம்பி, இது கொஞ்சம் ஓவர்."

"இல்ல சார். டெக்ஸு அவங்க வூட்டுப் பொண்ணைக் கட்டிக்கிட்டாரு. நவஜோ ஜனங்களுக்குத் தலைவரு. இரவுக்கழுகுன்னு அவங்களே பேரு வெச்சிருக்காங்க. அவரு புள்ள கிட்டு, வெள்ளைத் தாடி கார்சன், அப்புறம் டைகர் ஜாக்கு. டைகர் ஜாக்கு நவஜோ சார். நாலு பேரும் ஒண்ணாதான் குந்தி சாப்பிடறாங்க."

மாவு அரைத்ததுதான். ஆனால் யார் யாருக்கு இலை போட்டிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். 37-ஐ அடித்தேன். எத்தனை போடுவது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். முப்பது வயசுக்கு மேல் வரும் சப்ளிமென்டரி பரீட்சை மாதிரி இருந்தது.

புத்தகத்தை மூடி அவனிடமே நீட்டினேன். "நீயே வெச்சுக்கப்பா."

"நீங்க இதை எடுத்துப் போவத்தான் வந்தீங்கன்னு வாத்தியாரு சொன்னாரே?"

துரோகி! "சேச்சே, சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று அசடு வழிந்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

பஸ் நகரும்போது கேட் பக்கம் நாலைந்து பையன்கள் கையாட்டி ஏதோ கத்தினார்கள். காதில் சரியாக விழவில்லை. ராத்திரி நண்பனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அதுவா? கார்சனுக்குக் கதையில ஒரு பட்டப்பேர் உண்டே, உன் தலையைப் பாத்து அதை உனக்கு வெச்சுட்டாங்கப்பா. வெள்ளிமுடியார்!"

கண்ணாடி முன்னால் நின்று எண்ணினேன். காதோரம் மொத்தம் பதினேழு முடி. பரவாயில்லை... மலையில் எனக்கும் ஒரு பேர் இருக்கிறது!