கல்லில் வேண்டாம், ஏட்டில் எழுதுவோம்

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. அரிசியை அளக்கிறோம், பாலை அளக்கிறோம், பள்ளிச் சீருடைக்குத் துணியை அளக்கிறோம். ஆனால் நாம் நிற்கும் இந்த நிலத்தை அளந்தவர் யார்? எங்கிருந்து அளக்கத் தொடங்கினார்? அளந்ததற்கு அடையாளமாக எதை விட்டுச் சென்றார்? இக்கேள்விகளைப் பத்தாம் வகுப்புக்கு வரும்வரை நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்க நேர்ந்த விதத்தைச் சொல்ல எங்களுக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் உண்மையை மறைத்து எழுதும் கட்டுரையால் யாருக்கு என்ன பயன்?

சென்ற கல்வியாண்டில் எங்கள் வகுப்பினர் சென்னைப் பரங்கிமலைக்குச் சுற்றுலா சென்றோம். பெரியபாளையம் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆரணியாற்றங்கரையும் வயல்வெளியும் பழகியவையே தவிர, மலையேறிப் பழக்கமில்லை. மழை விட்ட காலையில் வடமேற்கே நீலக் கோடாய்த் தெரியும் நாகலாபுரம் மலைகளைத் தொலைவிலிருந்து பார்ப்பதோடு சரி. ஆகவே பரங்கிமலைப் படிகளில் ஏறும்போது எங்களுக்கு இருந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. உச்சியிலுள்ள அன்னையின் ஆலயத்தில் செபித்தோம். விமானங்கள் இறங்குவதை வேடிக்கை பார்த்தோம். மர நிழலில் அமர்ந்து புளிசாதம் உண்டோம். அதன்பின் எங்களுள் சிலர், பையில் கிடந்த கவராயத்தின் முள்ளால் அங்கிருந்த பாறையொன்றில் எங்கள் பெயர்களைக் கீறினோம்!

அவ்வழியே வந்த எங்கள் சிஸ்டர் இதைப் பார்த்துவிட்டார்கள். கோபித்துக்கொள்ளவில்லை. எங்களை அழைத்துச் சென்று, மலைமேல் பீடத்தில் இருந்த மார்பளவுச் சிலை ஒன்றின்முன் நிறுத்தினார்கள். “இவர் யார்? இந்த மலையில் இவருக்கு என்ன வேலை?” என்று கேட்டார்கள். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. “உங்கள் பெயரை எழுத நேரமிருந்தது, இங்கே எழுதியிருக்கும் பெயரைப் படிக்க நேரமில்லையா?” என்றார்கள். பிரம்படி பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. விடையைத் தேடிப் படிக்கும்படி எங்களுக்குக் கட்டளை கிடைத்தது. தண்டனையாகத் தொடங்கிய அந்தத் தேடல், போகப்போக இன்பமாக மாறியது.

அந்தச் சிலைக்குரியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அவர் பரங்கிமலை அடிவாரச் சமவெளியில் நிலத்தை அளக்கத் தொடங்கினார். ‘மாபெரும் முக்கோண அளவை’ என்று வரலாற்றில் பெயர் பெற்ற பணியின் தொடக்கம் அதுதான். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம்வரை ஏழரை மைல் நீளமுள்ள ஒரே நேர்கோடு அவருக்கு வேண்டியிருந்தது. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை அடுத்தடுத்து வைத்து அந்தக் கோட்டை அளந்தார்கள். வெயிலில் எஃகு விரிவடையும் என்று நாம் இயற்பியல் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? சித்திரை வெயிலில் சங்கிலி விரிந்து கணக்கைக் கெடுக்காதபடி அதை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டே அளந்தார்களாம்.

ஒரு கோட்டை அளந்துவிட்டால் போதுமா என்று கேட்கலாம். அங்கேதான் நம்முடைய முக்கோணவியல் பாடம் உதவிக்கு வருகிறது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று என மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் தாவிச் செல்லலாம். தேர்வுக்காக நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே போட்ட அதே கணக்குதான், இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை அடிவாரம்வரை நீண்டது. அந்த அளவையின் வழியில்தான் 1852ஆம் ஆண்டு வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். லாம்டனுக்குப்பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் என்பவரின் பெயரை அச்சிகரத்துக்கு 1865இல் சூட்டினார்கள்.

கோணங்களை அளக்கும் ‘தியோடலைட்’ என்னும் கருவி அரை டன் எடையுள்ளது. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் மனந்தளராமல், வாரக்கணக்கில் அமர்ந்து அதைத் தம் கையாலேயே செப்பனிட்டார். 1823ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், இன்றைய மகாராட்டிரத்திலுள்ள இங்கன்காட்டில், அளவைப் பணியிலிருக்கும்போதே இறந்தார்.

இங்கே எங்கள் மனத்தில் பட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். லாம்டனுக்குச் சிலை உண்டு. எவரெஸ்டுக்குச் சிகரம் உண்டு. ஆனால் அந்த அரை டன் கருவியைத் தோளில் சுமந்து மலையேறியவர்கள் யார்? உச்சியில் கொடி பிடித்து வெயிலில் நின்றவர்கள் யார்? காடு வெட்டி வழி செய்தவர்கள் யார்? காய்ச்சலிலும் காட்டிலும் அவர்களுள் பலர் மாண்டார்கள். அவர்கள் பெயர்களைக் கல்லில் தேடினாலும் காண முடிவதில்லை. ஒன்றும் செய்யாமல் பேருந்தில் சென்று புளிசாதம் உண்ட எங்கள் பெயர்கள் பாறையில் இருக்கின்றன. உழைத்தவர்களின் பெயர்கள் இல்லை! இதை நினைக்கும்போதுதான் எங்கள் தவறு எவ்வளவு பெரிது என்பது விளங்கியது.

இந்த அளவைக்காக மலையுச்சிகளில் பாறையைக் குடைந்து ஒரு சிறு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் பொறித்தார்கள். பார்த்தால் யாரோ விளையாட்டாகக் கொத்தியது போலிருக்கும். ஆனால் எத்தனையோ பேருடைய உழைப்பின் முடிவு அந்தப் புள்ளி. உயரத்தைக் குறிக்கும் அளவைக் கற்கள் இரயில் நிலையங்களிலும் பழைய கட்டடங்களிலும் உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து இரயிலில் வரும் தோழியர், நிலையத்தின் மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைத் தினமும் பார்க்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னாலும் ஓர் அளவைக் குறி இருக்கிறது.

பிற நாட்டார் இத்தகைய குறிகளை எப்படிப் போற்றுகிறார்கள் தெரியுமா? பிரிட்டனில் 1936ஆம் ஆண்டு தொடங்கிய மறு அளவைக்காக, மலைகளிலும் மேடுகளிலும் 6,000க்கும் மேற்பட்ட சிறு தூண்களை நாட்டினார்கள். இன்று அளவைக்கு அவை பெரிதும் தேவைப்படுவதில்லை. ஆனாலும் மக்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி நடந்து சென்று, சென்ற நாளையும் தூணின் நிலையையும் குறித்து வைக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ‘ஜியோகேச்சிங்’ என்னும் விளையாட்டும் தோன்றியது. ஒருவர் ஒரு பெட்டியை எங்கேனும் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் அறிவிப்பார். தேடிக் கண்டவர், பெட்டியிலுள்ள ஏட்டில் பெயரும் நாளும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட வேண்டும். என்ன அழகான விதி! ‘நானும் வந்தேன்’ என்று சொல்லும் ஆசை மனிதர் எல்லாருக்கும் உண்டு. அந்த ஆசை தவறன்று. அதைக் கல்லில் கீறுவதுதான் தவறு. ஏட்டில் எழுதினால் அதுவே வரலாறாகிவிடுகிறது.

“இதெல்லாம் எங்கோ மலையில் நடப்பது, நமக்கென்ன?” என்று பெற்றோர் சிலர் எண்ணலாம். நம் ஊரைப் பாருங்கள். தொழிற்சாலைகள் பெருகியதால் கும்மிடிப்பூண்டி முதல் பெரியபாளையம்வரை வயல்கள் மனைகளாகின்றன. வண்ணம் பூசிய மனைக் கற்கள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. ஒரு முழ நிலமும் இன்று பொன்னுக்குச் சமம். எங்களுள் ஒருத்தியின் வீட்டில், வரப்போரத்திலிருந்த அளவைக் கல் உழவின்போது பெயர்ந்து போயிற்று. பெயர்ந்த கல்லைத் துணி துவைக்க எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து எல்லைத் தகராறு வந்தது. அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த பெரியப்பாவும் அப்பாவும் பேச்சை நிறுத்தினார்கள். பொங்கலுக்கும் போக்குவரத்து இல்லை. ஒன்றாக ஒரே பேருந்தில் பள்ளிக்கு வந்த அக்கா தங்கையர் தனித்தனி இருக்கையில் அமர்ந்தார்கள். கடைசியில் அளவையர் வந்து, புலப்படத்தை விரித்துப் பார்த்து, அளந்து, கல்லைப் பழைய இடத்திலேயே நாட்டிய பிறகுதான் இரு வீட்டிலும் அமைதி திரும்பியது. ஒரு கல்லை மதிக்காததால் ஒரு குடும்பம் இரண்டாயிற்று! அளவைக் கற்களைப் பாதுகாப்பது நிலத்துக்கு உரியவரின் கடமை என்பதை 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டமே சொல்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

“கைப்பேசியே இடத்தைக் காட்டுகிறதே, இனிக் கல் எதற்கு?” என்று தோழியர் சிலர் கேட்கிறார்கள். கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் பிசகலாம். கடைக்கு வழி காட்ட அது போதும். வரப்பைப் பிரிக்கப் போதாது. வானத்துச் செயற்கைக்கோளை நம்பி நுட்பமாக அளக்க வேண்டுமானாலும், தரையில் உறுதியாக நிறுவிய நிலையங்கள் வேண்டும். காலடி நிலையாக இருந்தால்தான் கை எட்டும்.

“பொதுத் தேர்வு எழுதும் பெண்பிள்ளைகளுக்கு மலையேற்றம் எதற்கு?” என்பது இன்னொரு கேள்வி. எங்கள் பெற்றோரின் கவலை எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். சென்னையில் 1794ஆம் ஆண்டு நில அளவைப் பள்ளி தொடங்கியபோது சிறுவர்களுக்கு மட்டுமே இடமிருந்தது. அந்தப் பள்ளியின் வழிவந்த கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பெண்கள் நுழைய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1940களில் அங்கே படித்துப் பட்டம் பெற்ற அ. லலிதா அவர்களை இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று போற்றுகிறோம். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, கணவரை இழந்த நிலையிலும் படித்தவர் அவர். அவர் திறந்த வாயில் நம்முடையது. மேலும், மலையுச்சியில் நின்று ஏற்றக் கோணத்தை ஒருமுறை கண்ணால் கண்டவள், தேர்வுத் தாளில் அந்தக் கணக்கை மறப்பாளா?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். நம் பள்ளியில் ஒரு ‘வருகை ஏடு’ தொடங்குவோம். சுற்றுலா செல்லும் ஊரில் மலைக்குறியோ உயரக் கல்லோ இருந்தால், ஆசிரியையருடன் சென்று அதைக் காண்போம். சென்ற நாள், நேரம், குறி எந்த நிலையில் இருந்தது, அங்கிருந்து என்னென்ன தெரிந்தன என்பவற்றை ஏட்டில் எழுதுவோம். சென்றவர்கள் எல்லாருடைய பெயரையும், வண்டி ஓட்டிய அண்ணன் பெயரையும், வழி காட்டிய ஆயாவின் பெயரையும் சேர்த்தே எழுதுவோம். அடுத்தவர் நிலமென்றால் கேட்டுச் செல்வோம். எதையும் தோண்ட மாட்டோம், நகர்த்த மாட்டோம், கீற மாட்டோம். நெகிழிப் பையை விட்டுவரவும் மாட்டோம். பெற்றோரும் ஒரு மாலைப் பொழுதில் தம் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் சென்று, “இதுதான் நம் எல்லைக் கல்” என்று காட்டட்டும். வீட்டிலுள்ள பட்டாவை மகனுக்குக் காட்டுவதுபோல் மகளுக்கும் காட்டட்டும்.

இதைச் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்டால், தவறு செய்து திருந்தியவர்கள் என்பதே தகுதி. பரங்கிமலைப் பாறையில் நாங்கள் கீறிய பெயர்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை அழிக்க எங்களால் முடியவில்லை. ஆனால் எங்கள் வகுப்புப் பணத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தை எழுதிவிட்டோம். பரங்கிமலை, சென்ற நாள், சென்றவர்கள் பெயர் எல்லாம் அதில் உண்டு. ‘குறியின் நிலை’ என்னும் இடத்தில், “அருகிலுள்ள பாறையைக் கெடுத்தவர்கள் நாங்களே” என்று உண்மையை எழுதி, அனைவரும் கையொப்பமிட்டிருக்கிறோம்.

மீதமுள்ள பக்கங்களை, தங்கைமாரே, நீங்கள் நிரப்புங்கள். எங்களைவிட நல்ல செய்திகளால் நிரப்புங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், அவ்வகுப்பு மாணவி ஒருத்தி