இறக்கையை மாற்றுமுன் பிடியைப் பார்!



ஒரு ஞாயிறன்று காலைத் திருப்பலி முடிந்த வேளையில், தந்தையும் மகனுமாக இருவர் பங்கு இல்லத்து வாயிலில் வந்து நின்றனர். தந்தை கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். மகன் பதினொன்றாம் வகுப்பு மாணவன். தந்தையின் முகத்தில் சினம்; மகனின் கையிலோ ஓர் அட்டைப்பெட்டி. திறந்து பார்த்தால், உள்ளே உடைந்து கிடந்தது ஒரு சிறு ஹெலிகாப்டர்.

“சாமி, இதை அடுப்பில் போடுகிறேன் என்கிறேன், இவன் அழுகிறான். நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள்” என்றார் தந்தை.

நடந்தது இதுதான். துபாயில் பணிபுரியும் தாய்மாமன் விடுமுறையில் வந்தபோது வாங்கிக் கொடுத்த ஹெலிகாப்டர் அது. கையிலுள்ள கருவியின் இரு குச்சிகளை அசைத்தால் வானில் ஏறும், திரும்பும், நின்ற இடத்திலேயே நிற்கும். அதனோடு வந்தவை மர இறக்கைகள். அவற்றைப் பற்றியிருந்தது பிளாஸ்டிக் பிடி. நண்பர்கள் ‘கிரிப்’ என்பர். பையன் தன் சேமிப்பைக் கொண்டு, கன்னங்கரிய கார்பன் இழை இறக்கைகளை வாங்கிப் பொருத்தினான். அவை மர இறக்கைகளைவிடச் சற்று எடை மிகுந்தவை. சுழல் வேகத்தையும் கூட்டினான். பிடியை மட்டும் மாற்றவில்லை. முந்தைய வாரம் ஹெலிகாப்டர் ஒருமுறை கீழே விழுந்தபோது, அந்தப் பிடியின் திருகாணித் துளையருகே மயிரிழை போன்ற வெடிப்பு உண்டானதை அவன் கவனிக்கவும் இல்லை.

வீட்டுக் கொல்லையில் முடுக்கிப் பார்த்தான். பிடி பிளந்தது. இறக்கை ஒன்று அம்புபோலப் பறந்து, துணி உலர்த்திக்கொண்டிருந்த தங்கையின் காதோரமாகப் போய், அருகிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் துளைத்து நின்றது. குடத்துக்கும் அந்தச் சிறுமிக்கும் இடையே இருந்தது ஒரு முழத் தொலைவுதான்.

தந்தையின் சினம் நியாயமானது. இத்தகைய கருவியை விளையாட்டுப் பொருள் என்று அழைப்பதே ஒரு வகையில் பிழை. 2013-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஒரு பூங்காவில், 19 வயது இளைஞர் ஒருவர் தாமே இயக்கிய ஹெலிகாப்டரின் இறக்கை தாக்கி உயிர் நீத்தார். இக்கலையில் நல்ல தேர்ச்சி உடையவர் அவர். ஆனால் அடுப்பில் போட்டுவிட்டால், பையன் கற்க வேண்டியதும் சேர்ந்தே எரிந்துபோகுமே! ஆகவே இருவரையும் அமரச் செய்து, ஒரு தாளும் பென்சிலும் எடுத்தேன். குருமடம் சேருமுன் கல்லூரியில் பயின்ற பௌதிகம் அன்று கைகொடுத்தது.

அவன் வைத்திருந்தது போன்ற ஹெலிகாப்டரில் ஒவ்வோர் இறக்கையும் ஏறத்தாழ 13 அங்குல நீளம். ஓர் இறக்கையின் எடை 30 கிராம் என்று கொள்வோம். அது நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுழல்கிறது. அதன் எடையின் மையம் நடுத்தண்டிலிருந்து 18 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால், கல் கையை வெளிப்புறமாக இழுப்பது போன்று உணர்வோமல்லவா? அவ்வாறே இந்த இறக்கையும் பிடியை இழுக்கிறது. கணக்கிட்டால் அந்த இழுவை சுமார் 38 கிலோ எடைக்குச் சமம்! ஒன்றரைச் சிப்பம் அரிசியை அந்தச் சிறு பிடியில் கட்டித் தொங்கவிட்டதற்கு ஒப்பு. இறக்கையின் நுனியோ மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது.

இப்போது இறக்கையின் எடையை 40 கிராம் ஆக்குவோம். இழுவை 50 கிலோ ஆகிறது. எடையைக் கூட்டாமல் வேகத்தை மட்டும் 2,500-லிருந்து 3,000 சுற்றாக உயர்த்துவோம். இழுவை 54 கிலோ ஆகிறது. எடை கூடினால் அதே விகிதத்தில் பாரம் கூடும். வேகம் கூடினாலோ, அதன் வர்க்கத்தின் விகிதத்தில் கூடும். பையன் இரண்டையும் கூட்டினான். இரண்டும் சேர்ந்தால் 72 கிலோ. ஏறத்தாழ இருமடங்கு! வெடித்த பிடி என்ன செய்யும், பாவம்!

“அப்படியானால் அலுமினியப் பிடி போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும், அல்லவா சாமி?” என்று பையன் கேட்டான்.

நான் வாய் திறக்குமுன் தந்தை பதில் சொன்னார்: “டேய், படகு மோட்டாரில் விசிறிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சிறு பின் இருக்கிறதே, பார்த்திருக்கிறாயா? விசிறி பாறையில் மோதினால் அந்தப் பின் ஒடியும். ஒடியத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அது ஒடியாமலிருக்க எவனாவது எஃகு ஆணியை அடித்து வைத்தால், அடுத்த முறை பல்சக்கரமே போய்விடும்.”

வியந்து போனேன். நான் அரை மணி நேரம் விளக்க எண்ணியிருந்ததை அந்த உழைப்பாளி நான்கே வாக்கியங்களில் சொல்லிவிட்டார். உண்மை அதுவேதான். உலோகப் பிடி பறக்கும்போது உறுதியாக நிற்கும். இறக்கையின் கோணத்தையும் துல்லியமாகக் காக்கும். ஆனால் கீழே விழுந்தால், பிளாஸ்டிக் பிடி தானே உடைந்து அடியை வாங்கிக்கொள்வது போல, அது வாங்கிக்கொள்ளாது. அடியை உள்ளே அனுப்பிவிடும். உள்ளிருக்கும் குறுக்குத் தண்டு வளையும், நடுத்தண்டு வளையும், கோணத்தைத் திருப்பும் சிறு மோட்டார்களின் பற்கள் உதிரும். ஓர் உறுப்பை வலுப்படுத்துகையில் நாம் பாரத்தை ஒழித்துவிடுவதில்லை. அதை அடுத்த உறுப்பின் தோளுக்கு மாற்றுகிறோம். அந்தத் தோள் தாங்குமா என்று கேட்ட பிறகே மாற்ற வேண்டும்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் நாள் ‘தானே’ புயல் நம் கடலூர்க் கரையைத் தாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரி மரங்களும் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. விறைத்து நின்ற பெருமரங்கள் வீழ, வளைந்து கொடுத்த நாணல் நிமிர்ந்தது. வளைவதும் ஒரு வலிமையே.

ஹெலிகாப்டரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. ஸ்பெயின் நாட்டவரான ஹுவான் டெ லா சியர்வா என்பவர், மேலே சுழலும் இறக்கைகளைக் கொண்ட ‘ஆட்டோஜைரோ’ என்னும் வானூர்தியை 1920 முதல் உருவாக்கி வந்தார். அவருடைய சிறிய மாதிரி நன்றாகப் பறந்தது. பெரியதாகச் செய்தவையோ ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தன. காரணம், முன்னோக்கிச் செல்லும் இறக்கை எதிர்க்காற்றால் மிகுதியாகவும், பின்னோக்கி வரும் இறக்கை குறைவாகவும் ஊர்தியைத் தூக்கும். சரி, மாதிரி மட்டும் எவ்வாறு பறந்தது? அதன் இறக்கைகள் பிரம்பினால் ஆனவை. காற்றுக்கேற்ப அவை வளைந்து கொடுத்தன. இதை உணர்ந்த சியர்வா, இறக்கையின் அடியில் கதவுக்குப் போல ஒரு கீல் அமைத்து, அது சற்றே ஏறவும் இறங்கவும் இடம் கொடுத்தார். 1923-ம் ஆண்டு ஜனவரியில் அவருடைய நான்காம் ஊர்தி மாட்ரிட் நகருக்கருகே வெற்றியுடன் பறந்தது. இன்று சிறு ஹெலிகாப்டரின் தலைப்பகுதியில், குறுக்குத் தண்டைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் அந்தக் கீலின் வேலையில் ஒரு பங்கைச் செய்கின்றன. அவை தேய்ந்திருந்தால் விலையுயர்ந்த இறக்கையும் நடுங்கும்.

அப்படியானால் எங்கும் வளைவுதான் நன்றா? அதுவுமன்று. செவ்வாய்க் கோளில் பறந்த ‘இன்ஜெனுவிட்டி’ என்னும் ஹெலிகாப்டரைப் பாருங்கள். அதன் தலைமைப் பொறியாளராக விளங்கிய பாப் பாலாராம், நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 1980-ல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர். அங்குள்ள காற்று பூமியின் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அடர்த்தியே உடையது. 2014-ம் ஆண்டளவில், மூன்றில் ஒரு பங்கு அளவான மாதிரியை அதே போன்ற மெல்லிய காற்றில் சோதித்தபோது, அது மேலெழுந்தது. ஆனால் கட்டுக்கு அடங்கவில்லை. பூமியில் இறக்கை மேலும் கீழும் அசைந்தால், அடர்ந்த காற்றே அந்த அசைவைத் தணித்துவிடும். செவ்வாயில் தணிக்க யாருமில்லை. ஆகவே அங்கே இறக்கைகளை மிகவும் விறைப்பாக அமைத்தார்கள். சியர்வா தளர்த்தி வென்றார். இவர்கள் விறைப்பாக்கி வென்றார்கள். எது சிறந்தது என்பதைப் பொருள் தீர்மானிப்பதில்லை. அது இயங்கும் சூழலே தீர்மானிக்கிறது.

1.8 கிலோ எடையும், நுனிக்கு நுனி 1.2 மீட்டர் இறக்கையும் கொண்ட அந்தச் சிறு கருவி, 2021-ம் ஆண்டு ஏப்ரல் 19-ம் நாள் முதன்முதலாகச் செவ்வாயில் எழும்பியது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்டது, 72 முறை பறந்தது. 2024-ம் ஆண்டு ஜனவரி 18-ம் நாள், அடையாளம் ஏதுமற்ற மணல் வெளியில் வழி தடுமாறி வன்மையாகத் தரையிறங்கியபோது இறக்கைகள் முறிந்தன. அத்துடன் அதன் பறத்தல் முடிவுற்றது. எத்தனை வல்ல இறக்கைக்கும் ஓர் எல்லை உண்டு.

வானில் அவ்வளவு தொலைவு சென்றுவிட்டு, மீண்டும் நம் பையனின் அட்டைப்பெட்டிக்கு வருவோம். அன்று நாங்கள் மூவரும் செய்துகொண்ட தீர்மானங்களை, இதே ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பெற்றோருக்காக இங்கே தருகிறேன்.

இறக்கையையும் பிடியையும் ஒரு சோடியாகவே கருத வேண்டும். அந்தப் பிடிக்கெனச் சொல்லப்பட்ட நீளமும், அடிப்பகுதித் தடிப்பும், திருகாணித் துளையின் அளவும் உள்ள இறக்கையையே வாங்க வேண்டும். கற்கும் காலத்தில் புதிய பிளாஸ்டிக் பிடியும் மர இறக்கையுமே போதும். விழுவது உறுதியாகையால், விலை குறைந்தது உடையட்டும். கை பழகிய பின் உலோகப் பிடிக்கு மாறலாம். அப்போது வெளிப்புற இழுவையைத் தாங்கும் தனி பேரிங் அதனுள் இருக்க வேண்டும். அந்த பேரிங்கின் இரு வளையங்களும் ஒன்றுபோல் தோன்றினாலும், உள் துளையின் அளவில் வேறுபட்டவை. துளை சிறியது வெளிப்புறம், பெரியது நடுத்தண்டின் பக்கம். மாற்றிப் போட்டால் விரைவில் கெடும்.

குறுக்குத் தண்டைக் கண்ணாடித் தளத்தின் மீது உருட்டிப் பார்க்க வேண்டும்; துள்ளினால் வளைந்திருக்கிறது என்று பொருள். உலோகத்தில் ஏறும் திருகாணிகளுக்குத் திருகுப் பசை இட வேண்டும். இன்றேல் அதிர்வில் கழன்றுவிடும். இறக்கைத் திருகாணியை முறுக்கித் திணிக்கவும் கூடாது. தளர விடவும் கூடாது. ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்தால் இறக்கை நிற்க வேண்டும். சற்றே உலுக்கினால் இறங்க வேண்டும். அதுவே பதம்.

இரு இறக்கைகளும் எடையில் ஒத்திருக்க வேண்டும். எடையின் மையமும் இரண்டிலும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். இலேசான இறக்கையில் சிறு ஒட்டு நாடா சுற்றிச் சரிசெய்யலாம். சுழலும்போது இரண்டும் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா என்று, நுனிகளில் வெவ்வேறு நிற நாடா ஒட்டி, தொலைவிலிருந்து காண வேண்டும். விழுந்த ஒவ்வொரு முறையும் பிடியின் துளைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் சோதிக்க வேண்டும். வெடித்த பிடியையும் பிளந்த இறக்கையையும் ஒட்டி மீண்டும் சுழற்றுவது பெருங்குற்றம். மேசைமேல் வேலை செய்கையில் மோட்டார்க் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கொல்லையில் ஒருபோதும் கூடாது. வெட்டவெளியில், எவரும் குறுக்கே வராத வேளையில், குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்றே முடுக்க வேண்டும்.

“இவ்வளவும் உன் அப்பாவுக்குத் தெரிந்த வேலைதான். திருகாணியின் பதம் அவர் விரலுக்குத் தெரியும். இனி அவர் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே சுழற்ற வேண்டும், சம்மதமா?” என்று பையனைக் கேட்டேன்.

“சரிங்க சாமி” என்றான். பிறகு தயங்கி, “அப்பா, அந்தப் படகுப் பின்னை எனக்கு ஒரு நாள் காட்டுகிறீர்களா?” என்றான். தந்தை பதில் சொல்லவில்லை. பெட்டியை வாங்கித் தம் கையில் வைத்துக்கொண்டார்.

குடும்பத் தலைவர்களே, பிள்ளைகளின் வேகத்தைக் கூட்டும் பொருள்களை நாம் தாராளமாக வாங்கித் தருகிறோம். அந்த வேகத்தைத் தாங்கும் பிடியையும் உடன் தருகிறோமா? பிடி என்பது இறுக்கிப் பிடிப்பது மட்டுமன்று, பதமாகப் பிடிப்பது.

இப்போது ஞாயிறு விடியலில், ஆளரவம் எழுமுன், மஞ்சக்குப்பம் மைதானத்தில் அவ்விருவரையும் காணலாம் என்று அறிகிறேன். தங்கை வீட்டிலிருந்து வருவதுண்டாம். தந்தை தரையில் கிழித்த கோட்டுக்கு அப்பால் நின்றே வேடிக்கை பார்க்கிறாளாம்.