ஃபினெஸில் முடிவதல்ல கிராண்ட் ஸ்லாம்

பிரிட்ஜில் 13 டிரிக்குகளையும் எடுக்க வேண்டிய கடினமான கிராண்ட் ஸ்லாம் கடைசியில் ஒரு ஃபினெஸில்தான், அதாவது எதிரியின் உயர்சீட்டு சாதகமான பக்கம் இருக்கும் என்று நம்பி ஆடுவதில்தான் நிற்கிறது, அது பாதிக்குப் பாதி வாய்ப்பு, திட்டமெல்லாம் வீண் என்கிறார்கள். இந்த வாதத்தை ஒரே ஆட்டம் உடைத்துவிடும். ஒப்பந்தம் 7 நோ டிரம்ப். கையில் உறுதியான டிரிக்குகள் 12. ஒப்பந்தத்தை ஆடும் டிக்ளேரரிடம் ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, 2. மேசையில் விரித்த கூட்டாளியின் கையான டம்மியில் மூன்று சின்ன ஸ்பேடுகள். டைமண்டில் டம்மியிடம் ஏஸும் ராணியும். எடுத்ததும் டைமண்ட் ஃபினெஸைப் போடுகிறவருக்கு வாய்ப்பு 50 விழுக்காடு. டைமண்ட் ராஜா டிக்ளேரரின் வலப்பக்கம் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. முதலில் ஸ்பேடை இறக்குகிறவருக்கோ, எதிரிகளின் 6 ஸ்பேடுகளும் மூன்று மூன்றாகப் பிரிய 35.5 விழுக்காடு வாய்ப்புண்டு; பிரிந்தால் ஸ்பேடு 2 பதிமூன்றாவது டிரிக்காகும். பிரியாவிட்டாலும் ஃபினெஸ் அப்படியே காத்திருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 68. அதே சீட்டுகள், அதே அதிர்ஷ்டம். மாறியது வரிசை மட்டுமே.

ஸ்பேடு பிரியாமல் ஃபினெஸும் தோற்றால் கூடுதல் டிரிக்குகள் போகுமே என்பார்கள். போகட்டும்! வல்னரபிள் நிலையில் கூடுதலாக இழக்கும் ஒவ்வொரு டிரிக்குக்கும் 100 புள்ளி. பணயத்தில் இருப்பதோ 2220. நூறு ஆட்டத்துச் சராசரி இந்த ஒரு ஆட்டத்துக்கு உதவாது என்பதும் நிற்காது, ஏனெனில் ஃபினெஸுக்கு முன் மற்ற வெற்றிச் சீட்டுகளையும் இறக்கும்போது தகவல் சேர்கிறது. நான்கு ஸ்பேடுகளும் டைமண்ட் ராஜாவும் வலப்பக்கத்தவர் ஒருவரிடமே இருந்தால், கடைசி வெற்றிச் சீட்டு விழும்போது அவர் ஸ்பேடை விட வேண்டும், அல்லது ராஜாவைத் துணையின்றி நிறுத்த வேண்டும். எறியப்பட்ட சீட்டுகளை எண்ணி வந்தவருக்கு அப்போது ஏஸை அடித்து ராஜாவை வீழ்த்தத் தெரியும். அவசரப்பட்டவருக்கு அந்தக் கட்டமே வந்திருக்காது.