கட்டிலருகே ஒரு சாமுராய்

எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்திருப்போரிடமும், இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரந்தோறும் வந்து செல்வோரிடமும் சுற்றத்தார் ஓயாமல் கூறுவது, "நீங்கள் பேசாமல் படுத்திருங்கள்" என்பதே. அன்பினால் எழும் சொல்தான். ஆயினும் உணவு, உறக்கம், ஊசி என அனைத்தும் பிறர் குறித்த நேரப்படி நடக்கும் நாள்களில், தாமே தீர்மானித்துத் தாமே செய்து முடிக்கும் வேலை ஒன்றேனும் நோயாளிக்கு வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். நாங்கள் முன்மொழிவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம்: மேசை விளையாட்டுக்கான சிறு சாமுராய் உருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல்.

இத்தகைய விளையாட்டு பழையது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைப் படைவீரர்களைக் கொண்டு ஆடும் விதிகளை 1913-ஆம் ஆண்டிலேயே 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலாக வெளியிட்டார். இன்றைய உருவங்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவின. பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ வார்க்கப்பட்டு, வண்ணமின்றியே கிடைக்கின்றன. பெரும்படைகள் மோதும் ஆட்டங்களுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். சாமுராய்களின் சிறு மோதல்களுக்கோ பக்கத்துக்குப் பத்துப் பேர் போதும். உடல் தளர்ந்தவருக்கும் முடிவு கண்ணுக்குத் தெரியும் வேலை இது.

கைக்கும் இது இசைவானது. புதிதாகத் தூரிகை பிடிப்போர் சோர்ந்துபோவது கண்களை வரையும்போதுதான். சாமுராயின் 'மெம்போ' என்னும் கவசம் முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுகிறது. கண்கள் தலைக்கவசத்தின் நிழலில் அமிழ்ந்துவிடுகின்றன. அவ்விடத்தில் கரும்பழுப்பு ஒரு துளி போதும். மார்க்கவசமோ பட்டுக் கயிறுகளால் வரிசை வரிசையாகப் பிணைத்த சிறு தகடுகளால் ஆனது. நீர்த்த கருவண்ணத்தை அதன்மேல் தடவினால், அது தானே பள்ளங்களில் இறங்கி ஒவ்வொரு வரிசையையும் பிரித்துக் காட்டும். விரல் சற்று நடுங்கினாலும் கேடில்லை. 1600-இல் செகிகஹாராப் போரில் நின்ற ஈ நவோமாசாவின் படையினர் செந்நிறக் கவசத்தால் பெயர் பெற்றவர்கள். அச்சிவப்பு ஒரே பூச்சில் வராது. முதலில் பழுப்பு, பின்னர் மெல்லிய சிவப்பு இரண்டு மூன்று முறை. ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் நம் வாசகர்களுக்குப் பயிற்சி சொல்லித்தர வேண்டியதில்லை!

வாளேந்திய உருவங்கள் நோய் தீர்க்கும் இடத்துக்குப் பொருந்துமா என்று கேட்போர் உண்டு. சதுரங்கப் பலகையிலும் யானையும் குதிரையும் போருக்கே நிற்கின்றன.

சில எச்சரிக்கைகள் மட்டும் அவசியம். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களையே பயன்படுத்துங்கள். தெளிப்பான் வண்ணங்களும் டர்பென்டைனும் வார்டுக்குள் வேண்டா. தூரிகை முனையை உதட்டால் கூராக்காதீர்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், உருவங்களைக் கத்தியால் வெட்டியெடுக்கும் வேலையைப் பிறரிடம் விடுங்கள். ஊசி ஏற்றிய கைக்கு ஓய்வே முறை. சுத்திகரிப்பு நடக்கும் வேளையில் இவ்வேலை வேண்டா. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர், எதையும் கொண்டுவருமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

குடும்பத்தார்க்கும் பங்கு உண்டு. மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செர்ரி மரமும், ஐஸ் குச்சிகளால் கோயில் முகப்பின் செந்நிறத் தோரி வாயிலும் செய்து தரலாம். பேரப்பிள்ளைகள் இதில் வல்லவர்கள். ஆனால் வீரர்கள் நோயாளிக்கே உரியவர்கள். கோணலாக விழுந்த கோட்டை அவர் உறங்கும்போது திருத்திவிடாதீர்கள். பார்க்க வருவோரிடமெல்லாம் எடுத்துக் காட்டி, குழந்தையைப் புகழ்வதுபோல் புகழவும் வேண்டா. மருத்துவமனை நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பதும் சிறிதே: கட்டில் மேசையருகே நல்ல விளக்கு ஒன்று.

படை முடிந்ததும் எதிரே அமர்ந்து ஆட ஒருவர் வேண்டும். விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள், வேண்டுமென்றே தோற்காதீர்கள்.