குப்பையென்பாரும் நஞ்சென்பாரும்

நிறமூர்த்தத்தின் முனை ஊமையென்பது உயிரியலாளரிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்த கொள்கையாகும். ரெலோமியர் எனப்படும் அம்முனையிலே புரதத்துக்குரிய பரம்பரையலகு எதுவுமில்லை. மனிதரில் ஆறெழுத்துத் தொடரொன்றே ஆயிரம் தடவைக்கும் மேலாக மீண்டும் மீண்டும் வருகின்றது. சொல்வதற்கு ஒன்றுமில்லாதவிடத்து அம்முனை வாய் திறப்பானேன் என்று கருதினர் போலும். 1990 இல், மதுவத்தின் ரெலோமியருக்கருகே வைக்கப்பட்ட பரம்பரையலகுகள் அடங்கிப் போவதைக் கொட்ஷ்லிங்கும் அவர்தம் கூட்டாளிகளும் காட்டியபோது, அக்கொள்கை மேலும் வலுப்பெற்றது.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே, 1989 இல், திரிப்பனசோமாவின் ரெலோமியர்த் தொடர்கள் ஆர்.என்.ஏ. ஆகப் பிரதியெடுக்கப்படுகின்றன என்ற செய்தி அச்சேறியிருந்தது. அது பொதுவிதியை அசைக்கவில்லை. மனித கலங்களில் அத்தகைய ஆர்.என்.ஏ. உண்டென்பதை அசலின், லிங்னர் முதலியோர் 2007 இலேயே அறிவித்தனர். மறு ஆண்டில் ஷ்ஓப்ட்னரும் பிளாஸ்கோவும் அதனை உறுதிப்படுத்தினர். ‘ரெறா’ என அதற்குப் பெயரிடப்பட்டது. இப்பதினெட்டாண்டுத் தாமதம் கருவியின்மையால் நேர்ந்ததென எவரும் வாதிட முடியாது. ரெறாவைக் கண்டறியத் துணைநின்ற ‘நோதேண்’ ஒற்றுமுறை 1977 முதலே ஆய்வுகூடங்களில் இருந்தது. இல்லையென்று முன்கூட்டியே முடிவுகட்டியதனாலேயே பெரும்பாலார் தேடவில்லை.

இருப்பதை மறுக்க இயலாதபோது எழுந்தது குப்பைவாதம். கலம் ரெறாவைச் சிதைக்கின்றது. ஆகவே அது கழிவே என்றனர். (‘குப்பை’ என்ற சொல்லை 1972 இல் சுசுமு ஓனோ ஆண்டது ஒரு பரிணாம வாதத்தை முன்வைப்பதற்காக. தமிழில் அறிவியல் எழுதுவோருட் பலர் வாதத்தைக் கைவிட்டுச் சொல்லை மட்டுமே சுமந்து வந்தனர்.) சிதைக்கப்படுவதெல்லாம் கழிவாயின், தூது ஆர்.என்.ஏ.யும் கழிவேயாகும். ரெறாவை ஆக்குவது தூது ஆர்.என்.ஏ.யை ஆக்கும் அதே ஆர்.என்.ஏ. பொலிமரேசு இரண்டுதான். அதன் தொடக்கத் தானங்கள் ரெலோமியரை அடுத்த பகுதிகளில் உள்ளன. அங்கே டி.என்.ஏ.யில் மெதயிற் கூட்டங்களை ஏற்றும் நொதியங்கள் காவலிருக்கின்றன. அவற்றுளொன்று பழுதுபட்டுப் பிறக்கும் ஐ.சி.எப். நோயாளரின் கலங்களில் ரெறா பெருகியும் ரெலோமியர் குறுகியும் காணப்படுகின்றன. குப்பைமேட்டுக்கு இத்தனை பூட்டு எதற்கு?

இவ்விடத்திலே நஞ்சுவாதிகள் மகிழ்ந்து முன்வருவர். மதுவத்தில் ராற்1 என்னும் நொதியம் குன்றினால் ரெறா மிகுந்து ரெலோமியர் குறுகுகின்றதென 2008 இல் லூக்கும் பிறரும் காட்டியதையும் சான்றாக எடுத்துவைப்பர். சான்று மெய்யே, முடிபுதான் அவசரமானது. ரெறா தன் தாய்த்தொடரான டி.என்.ஏ. இழையோடு பிணைந்து ஆர்-வளையம் என்னும் அமைப்பை ஆக்கவல்லது. நீண்ட ரெலோமியரில் றிப்2 என்னும் புரதம் ஆர்.என்.ஏ.எச்2 நொதியத்தை வரவழைக்கின்றது, டி.என்.ஏ. இரட்டிக்கும் கட்டத்தின் பிற்பகுதியில், முனை இரட்டிப்பதற்கு முன்பாகவே, அந்நொதியம் வளையத்தைக் களைந்துவிடுகின்றது. களையாவிடின் இரட்டிப்பு இடறும். ரெலோமியர் மிகக் குறுகியபோதோ றிப்2 அங்கே அருகிவிடுகின்றது. ராற்1 உம் ஆர்.என்.ஏ.எச்2 உம் போதிய அளவு வந்து சேர்வதில்லை. வளையம் நிலைக்கின்றது, இரட்டிப்பு இடறுகின்றது, அவ்விடறலே சீராக்கும் புரதங்களை அழைத்து, ஒத்த தொடர்களிடையே மீள்சேர்க்கையைத் தூண்டி, முனையை மீட்கின்றது. ரெலோமரேசு அற்ற மதுவத்தில் இவ்வளையங்களை வலிந்து நீக்கினால் கலம் விரைவில் முதுமையெய்தும். 2017 இல் வெளிவந்த இம்முடிபு நஞ்சுவாதத்தின் வேரையே அறுக்கின்றது. நீண்ட முனையில் இடையூறாவது குறுகிய முனையில் உயிர்காப்பாகின்றது. ரெறாவின் அளவு மாத்திரமன்று, எந்த முனையில் எப்பொழுது தங்குகின்றதென்பதும் கலத்தின் ஆட்சிக்குட்பட்டதே.

இது ஏட்டுச் சர்ச்சையன்று. புற்றுநோய்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை ரெலோமரேசின் துணையின்றி மீள்சேர்க்கையாலேயே தம் முனைகளைக் காக்கின்றன. அத்தகைய கலங்களில் ஆர்.என்.ஏ.எச்1 நொதியத்தைக் குறைத்தபோது வளையம் பெருகி, ரெலோமியர்கள் திடீரென இழக்கப்பட்டன; அதனை மிகுத்தபோது மீள்சேர்க்கை தளர்ந்து முனைகள் படிப்படியாகக் குறுகின. 2014 இல் இரண்டும் ஒரே ஆய்வில் கூறப்பட்டன. இதனை அறிந்த பின்னரும் ‘ரெறாவை ஒழிக்கும் மருந்து’ என்று எழுதுவோர், நோயாளியின் எக்கலத்தில், கலவட்டத்தின் எக்கட்டத்தில் ஒழிப்பதென்று கூறுவதில்லை. அதன் பிறப்பிடம் பற்றியே இணக்கமில்லை. மனித ரெறா முதன்மையாக 20 ஆம் நிறமூர்த்தத்தின் நீள்புயத்திலிருந்தே எழுகின்றதெனப் பிளாஸ்கோவின் குழுவினர் 2016 இல் கூறினர். பல முனைகளிலிருந்தும் எழுகின்றதென லிங்னரின் குழுவினர் 2019 இல் மறுத்தனர். பிறப்பிடமே வழக்கிலிருக்கையில், ஒழிக்கப் புறப்பட்டோர் எந்த வாயிலிற் சென்று நிற்பர்?