பதினெட்டு வயதுக்குப் பிறகு யார் கற்பிப்பது?

அறிவு வளர்ச்சியில் குறைபாடு உடைய பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் பள்ளிக்கூடத்தின் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 31-ஆம் பிரிவில் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை அளித்திருப்பதோடு, 18-ஆம் பிரிவில் வயது வந்தோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் அவர்கள் பிறரோடு சமமாகப் பங்கு பெறுவதற்கு அரசாங்கமும் உள்ளாட்சிகளும் ஆவன செய்ய வேண்டுமென்றும் விதித்திருக்கிறது. முன்னதைப் பெற்றோர் ஓரளவு அறிவார்கள். பின்னதைப் பற்றிப் பேசுவோரே அரிது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு, அறிவுசார் குறைபாடு உடையோர் நாட்டில் சுமார் 15 லட்சம் பேர் என்று கூறியது. அவர்கள் எல்லோரும் குழந்தைகளாகவே இருந்துவிடுவதில்லை.

வயது வந்த அம்மனிதர்களுக்கு நாள் முழுவதும் அருகில் இருப்பவர் யார்? பராமரிப்பு இல்லத்திலும் பகல்நேர மையத்திலும் ஆயா என்றும் உதவியாளர் என்றும் அழைக்கப்படுபவர். வீட்டிலோ முதுமை எய்திய தாய். சிறப்பாசிரியர் வந்து போகும் சில மணி நேரம் நீங்கலாக, உண்பதும் உடுப்பதும் குளிப்பதும் கடைக்குப் போவதுமாகிய வாழ்க்கை முழுவதும் இவர்கள் கையிலேயே நடக்கிறது. ஆகவே, கற்பிக்கும் சாமர்த்தியம் யாருக்கு மிகுதியாக வேண்டுமோ அவர்களுக்கே அதற்கான பயிற்சி மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பதுதான் நமது முதன்மையான குறை. இந்த ஊழியர்களிடம் அன்பு இல்லையென்று நாம் சொல்லவில்லை. அன்பின் மிகுதியாலேயே அவர்கள் எல்லாவற்றையும் தாமே செய்து கொடுத்துவிடுகிறார்கள். அதனால், முப்பது வயது மனிதர் தம் சட்டைக்குத் தாமே பொத்தான் போட அறியாமல் இருந்துவிடுகிறார்.

பொத்தான் போடுவதையே எடுத்துக்கொள்வோம். துணியின் இரு ஓரங்களையும் பிடிப்பது, பொத்தானைத் துளைக்கு நேராகக் கொணர்வது, பாதி நுழைப்பது, மறுபுறம் இழுப்பது என அது பல சிறு செயல்களின் கோவை. பயிற்சி பெற்ற உதவியாளர் இக்கோவையைக் கடைசியிலிருந்து கற்பிப்பார்: எல்லாவற்றையும் தாம் செய்து, இறுதியாகப் பொத்தானை இழுத்துவிடுவதை மட்டும் கற்பவருக்கு விடுவார், அது கைவந்த பின் கடைசி இரண்டு செயல்கள், பிறகு மூன்று. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததென்ற திருப்தி கற்பவருக்கே உரியதாகிறது. கையைப் பிடித்துச் செய்விப்பது பின்னர் தொட்டுக் காட்டுவதாகவும், அது வெறும் சைகையாகவும் குறைந்து, முடிவில் உதவி முற்றிலும் விலக வேண்டும். எல்லாவற்றினும் கடினமானது, காத்திருத்தல்; அவர் தடுமாறும்போது நம் கை தானாக நீளாதபடி, மனத்துக்குள் பத்து வரை எண்ணிப் பொறுத்திருப்பதற்குக்கூட ஒருவர் பழகியே தீர வேண்டும்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். நாற்பது வயதுடையவரைப் 'பாப்பா' என்று விளிப்பதும், அவர் கையில் மழலையர் பொம்மையைக் கொடுப்பதும் எத்தனை பிரியத்தோடு செய்யப்பட்டாலும் அவரது கௌரவத்துக்கு ஊறு விளைவிப்பவையே. அரிசி களைவதும், சில்லறை எண்ணுவதும், கருங்குழி ரயில் நிலையத்தில் தாமே பயணச்சீட்டு வாங்கிச் செங்கற்பட்டு போய் வருவதும் அவர் வயதுக்கேற்ற பாடங்கள்.

அறிவுசார் குறைபாடு உடையவர்களால் கற்க முடியுமா என்று ஐயுறுவோர்க்கு, அமெரிக்காவில் மார்க் கோல்டு என்பவர் 1970-களின் தொடக்கத்தில் செய்து காட்டியதை நினைவூட்டுகிறோம். பெரிதும் பின்தங்கியவர்களெனக் கைவிடப்பட்டிருந்த இளைஞர்களுக்கு, 15 உறுப்புகள் கொண்ட மிதிவண்டித் தடையைப் பொருத்தும் வேலையை அவர் கற்பித்தார், அவர்கள் கற்றார்கள். கற்பவர் தவறும்போது கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பதே அவர் கொண்ட அபிப்பிராயம்.

நம் செங்கற்பட்டு மாவட்டம் இவ்விஷயத்தில் ஏழையன்று. பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த தேசிய அறக்கட்டளை, பராமரிப்பாளர் பயிற்சிக்கென்றே 'சஹ்யோகி' என்னும் திட்டத்தை வகுத்திருக்கிறது. ஆயினும் கருங்குழியிலிருந்து பேருந்து மாறி மாறிக் கடற்கரைச் சாலையிலுள்ள முட்டுக்காட்டை அடைவதற்கு, மாதச் சம்பளத்தில் ஒரு நாளை இழக்க இயலாத பெண்மணியால் முடியுமா? அன்றியும், மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கும் உபந்நியாசம் கைத்திறனாக மாறுவதில்லை. பயிற்சியாளர் செய்து காட்ட வேண்டும்; ஊழியர் அவர் கண்ணெதிரில் செய்து பார்க்க வேண்டும்; பிழையை அங்கேயே திருத்த வேண்டும்; சில வாரங்கள் கழித்து மீண்டும் வந்து பார்க்க வேண்டும். இது இல்லத்தின் சமையலறையிலும் குளியலறையிலும் நடந்தாக வேண்டிய காரியம்.

பயிற்றுவித்தால் ஊழியர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள் என்று இல்லம் நடத்துவோர் முறையிடுகிறார்கள். சம்பளம் சொற்பமாகவும் மரியாதை அதனினும் சொற்பமாகவும் இருக்கும்வரை பயிற்சியின்றியும் அவர்கள் போகத்தான் செய்வார்கள்.

ஆகையால் நாம் கோருவது இது: இல்லங்களுக்கு மானியம் வழங்கும்போது, ஊழியர்க்கு அவ்விடத்திலேயே பயிற்சி அளிப்பதை நிபந்தனையாக்கி, அதன் செலவை அரசாங்கமே ஏற்று, தேறியவர்க்குச் சான்றும் சம்பள உயர்வும் தர வேண்டும். மதுராந்தகம் வட்டத்தில் இதைத் தொடங்கி, வீட்டிலிருந்து கவனிக்கும் தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டு, முட்டுக்காட்டிலிருந்து ஒரு பயிற்சியாளரை வாரந்தோறும் அனுப்பிவைக்க மாவட்ட நிர்வாகம் இவ்வாண்டே ஏற்பாடு செய்யட்டும். அவர் வந்து உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கு ஓர் அறையைக் கருங்குழிப் பேரூராட்சி ஒதுக்கித் தரட்டும்.